செருப்பு கழற்றும் இடம்

தரணீஷ் நலமனையின் நெற்றியில் 9.4 என்ற எண் பச்சை வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். பத்துக்கு ஒன்பது புள்ளி நான்கு. தாராபுரம் சாலையில் பறக்கிற பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தாலும் தெரியும். மருத்துவத் தர வாரியம் கொடுத்த மார்க் அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வசந்தாமணிக்குச் சிரிப்பு வரும். நல்ல சிரிப்பு இல்லை. ஹோட்டலில் வாங்கிய குழம்பைத் தன் கைப்பக்குவம் என்று சொல்லி விருந்தாளிக்கு ஊற்றுகிறவளைப் பார்த்தால் வருமே, அந்தச் சிரிப்பு.

ஏனென்றால் அந்த மார்க்கை வாங்கிக் கொடுத்தவள் அவள். டாக்டர் தரணீஷ் இல்லை. கிளினிக்குக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஐம்பத்திரண்டு வயது நர்ஸ் அவள். வருகிறவர்களில் யார் உள்ளே போகலாம், யார் போகக்கூடாது என்று பிரிப்பது அவள் வேலை. நன்றாக இருப்பவர்கள் உள்ளே போகலாம். உண்மையிலேயே சீக்கு உள்ளவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டும். வைத்தியசாலை நடக்கிற லட்சணம் இது.

வாரியம் காரணமில்லாமல் வந்துவிடவில்லை. ஒரே ஊசியைப் பத்துப் பேருக்குக் குத்திய மகானுபாவர்களும், காலாவதியான மருந்தை லேபிள் மாற்றி விற்றவர்களும் இந்தப் பக்கத்தில் கிளினிக் நடத்தியதுண்டு. ஜனங்கள் செத்தார்கள். அரசாங்கத்துக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்த அரசாங்கம் யோசிக்காது, ஒரு இயந்திரம் வாங்கும். அப்படி வந்ததுதான் வளைவு.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை அதைக் கொண்டுவந்து வாசலில் மாட்டினார்கள். கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைத் தூண்கள், மேலே ஒரு வளைவு. மாட்ட வந்த வாரிய அலுவலர் நிவேதன் சென்னைக்காரர், இளைஞர், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

"மேடம், இது வழியா யார் உள்ள வந்தாலும் மூணு நொடியில உடம்பு மொத்தமும் பதிவாயிடும். ரத்தம், சர்க்கரை, இதயம், நுரையீரல் எல்லாமே. முப்பது நாள் கழிச்சு அவங்க கையில போட்டிருக்கிற பட்டை அதே கணக்கை மறுபடி எடுத்து எங்களுக்கு அனுப்பும். வந்தப்ப இருந்ததைவிட நல்லா இருந்தா கிளினிக்குக்கு மார்க் ஏறும். மோசமா இருந்தா இறங்கும்."

"ஏனுங் சார், செத்துப் போயிட்டா?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"அன்னைக்கே நல்லா இறங்கும். ஆறுக்குக் கீழ போனா கிளினிக்குக்கு சீல்."

"சாகற நெலமையிலயே ஒருத்தரத் தூக்கிட்டு வர்றாங்கன்னு வெச்சுக்கங்க. ஆரு பாத்தாலும் பொழைக்க மாட்டாரு. அதுக்கும் எங்க மார்க்கத்தான் எறக்குவீங்களா?"

நிவேதன் குழந்தைக்குப் பாடம் சொல்வதுபோலச் சிரித்தார். "எல்லாருக்கும் ஒரே அளவுகோல் மேடம். அதுதான் நியாயம். நோய் எவ்வளவு முத்தினதுன்னு பார்த்து மார்க் போட ஆரம்பிச்சா ஆளாளுக்கு ஒரு சாக்கு சொல்லுவாங்க."

பின்வாசலைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டு, 'நோயாளியின் பாதுகாப்பே நம் உயிர்' என்று ஒரு பலகையையும் மாட்டிவிட்டு அவர் காரேறினார்.

முதல் இரண்டு மாதம் தரணீஷ் ஒழுங்காகத்தான் வைத்தியம் பார்த்தார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது, கையில் கொஞ்சம் வைத்தியமும் இருந்தது. மார்க் 6.2க்கு வந்து எண் சிவப்பாக மாறியதும் எல்லாம் போய்விட்டது. அன்று சாயங்காலம் வசந்தாமணியைக் கூப்பிட்டார்.

"வசந்தாக்கா, நாளையிலிருந்து நீங்க வெளிய உக்காந்துக்கங்க. நெம்ப முடியாம வர்றவங்கள வளைவுக்கு முன்னாடியே பாத்து, கோயமுத்தூருக்கு அனுப்பிச்சிருங்க."

"முடியாதவங்கதானுங் ஆஸ்பத்திரிக்கு வருவாங்க?"

"கிளினிக் இருந்தாத்தானுங்க்கா நாம நாலு பேருக்கு நல்லது பண்ண முடியும்?"

அந்த நாலு பேர் யார் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நான் இல்லையென்றால் இந்த நாற்காலியில் வேறு ஒருத்தி வந்து உட்காருவாள், அவளுக்குத் தலைவலிக்கும் தலைவிதிக்கும் வித்தியாசம் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். எல்லாக் கையாலாகாதவர்களும் சொல்லிக்கொள்கிற சமாதானம் அது. அது அவளுக்கே தெரியும்.

கொளிஞ்சிப்பாளையத்தில் யாரும் கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போகமாட்டார்கள். "செருப்போடவே வாங்" என்றாலும் கேட்பதில்லை. கோயிலுக்கும் டாக்டர் வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கள். அந்த மரியாதைதான் வசந்தாமணிக்கு வசதியாகப் போனது. வாய் பொய் சொல்லும். மூன்று நாளாகச் சோறு இறங்காதவன்கூட "ஒண்ணுமில்லீங், லேசாச் சளி" என்பான். கூட வந்த பெண்டாட்டி அதற்கு மேல் ஒரு பொய் சொல்வாள். குனிந்து செருப்பைக் கழற்றுகிற அந்த அரை நிமிடத்தில் உடம்பு எதையும் மறைக்காது.

கழற்றிய பிறகும் வார் பதிந்த தடம் பள்ளமாக அப்படியே நின்றால் காலில் நீர் கோத்திருக்கிறது, சிறுநீரகமோ இதயமோ பழுது. ஒரு செருப்பு நாலடிக்கு முன்பே நழுவிக் கிடக்க, அது தெரியாமலே நடந்து வந்தால் சர்க்கரை காலைத் தின்றுவிட்டது. ஒரு செருப்பின் நுனி மட்டும் தேய்ந்திருந்தால் அந்தக் காலை இழுத்து நடக்கிறார், மூளையில் எங்கோ அடைப்பு. குனிந்தவுடன் மூச்சு வாங்கினால் இதயம் கைவிரிக்கப் போகிறது. யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் வருடம் தப்புத் தப்பாகப் பிரித்தாள், மார்க் ஏறி இறங்கியது. ஒவ்வொரு தப்பையும் ராத்திரி மனசில் போட்டு உருட்டினாள். மூன்றாவது வருடம் தப்பே வரவில்லை.

கண்டுபிடித்தவுடன் சொல்வது ஒரே வாக்கியம். "டாக்டருக்கு இன்னைக்கு நேரமில்லீங். பொட்டாட்ட பஸ் ஏறிக் கோயமுத்தூரு பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்." மற்றவர்களுக்கு "உள்ள போங்". அவ்வளவுதான். ஜில்லாவிலேயே நல்ல கண் படைத்தவள், நோயைக் கண்டுபிடித்து, நோயாளியைத் துரத்தினாள்.

உள்ளே தரணீஷ் என்ன செய்தார்? சளிக்கு மாத்திரை கொடுத்தார். கொசுக்கடிக்குக் களிம்பு தடவினார். பரீட்சைக்குப் பயந்த பையன்களுக்குச் சத்து ஊசி போட்டார். முப்பது நாளில் தானாகவே சரியாகிவிடுகிற எல்லாவற்றையும் குணப்படுத்தினார். ஆறு வருடமாக ஒரு நிஜமான நோயாளியின் நாடியைப் பிடிக்காத கை அது. ஸ்டெதாஸ்கோப் மட்டும் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. தூங்கும்போதும் போட்டுக்கொண்டிருப்பாரோ என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான், பழனாத்தாள் வருகிற வரைக்கும்.

பழனாத்தாள் தக்காளிக்காரி. கூடையோடுதான் வந்தாள், போன வருடம் ஒரு உச்சிவேளையில். செருப்பைக் கழற்றக் குனிந்தவள் நிமிரவில்லை. ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து நின்றாள். உதடு நீலமாக இருந்தது. வசந்தாமணி உள்ளே ஓடினாள்.

"டாக்டரே, ஆக்சிசன் வேணுமுங். அஞ்சு நிமிசம் வெச்சாப் போதும், அப்புறம் வண்டியில ஏத்திரலாம்."

"உள்ள கூட்டிட்டு வரப் போறீங்களா?" தரணீஷ் எழுந்தே நின்றுவிட்டார். "அக்கா, இப்பத்தானுங்க 9.1லிருந்து ஏறியிருக்குது."

"அப்ப சிலிண்டரக் குடுங், நான் வெளிய தூக்கிட்டுப் போறேன்."

"சிலிண்டர்லயும் வாரியத்துப் பட்டை இருக்குதுங்க்கா. வளைவத் தாண்டினா எதுக்கு எடுத்தீங்கன்னு கேப்பாங்க. சீக்கிரம் பஸ் ஏத்தி விடுங்க, அதுதான் அவங்களுக்கு நல்லது."

வசந்தாமணி பஸ் ஏற்றிவிட்டாள். அந்தக் கூடையை ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்து, ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு வந்தாள். பல்லடம் தாண்டவில்லை, உயிர் போய்விட்டது. ஆக்சிஜன் அவளுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது.

மறுநாள் தரணீஷிடம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் கணினியைப் பார்த்துவிட்டு, "நம்ம பதிவுல வரலீங்களே அக்கா?" என்றார். சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார், பாவி.

அன்றைக்கு அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும் என்று இன்றுவரை அவளுக்கு ஆத்திரம். துப்பவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து அடுத்த ஆளின் காலைப் பார்த்தாள். அவர்மேல் இருந்த வெறுப்பைவிடத் தன்மேல் வந்த வெறுப்பு பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு கைப்பையில் நெஞ்சுவலிக்கான ஆஸ்பிரின் மாத்திரையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டாள். வாடகைக் கார் ஓட்டுகிற மயில்சாமியின் நம்பரை எழுதி வைத்துக்கொண்டாள். மோசமான நிலையில் வருகிறவர்களைப் பஸ்ஸில் அனுப்புவதை நிறுத்தினாள். வளைவுக்கு வெளியே நடப்பது வாரியத்துக்குத் தெரியாது, டாக்டருக்கும் அக்கறையில்லை.

ஆனால் அதற்குப் பிறகு வாசலில் கூட்டம் கூடிக்கொண்டே போனது. வெள்ளகோவிலிலிருந்தும் மூலனூரிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். வரும்போது கீரை, முருங்கைக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம் என்று அவள் காலடியில் வைத்தார்கள். லஞ்சம் கொடுத்தால் உள்ளே விட்டுவிடுவாள் என்று நினைக்கிறார்கள் போல என்று அவளுக்கு எரிச்சல். "இதெல்லாம் எடுத்துட்டுப் போங்" என்று விரட்டினாலும் வைத்துவிட்டுத்தான் போனார்கள். அத்தனையும் மூடக் கூட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

வெளியே கூட்டம் கூடியதே தவிர, உள்ளே குறைந்தது. ஒரு நாள் தரணீஷ் கணக்கோடு வந்தார்.

"அக்கா, நேத்து எத்தனை பேர உள்ள போகச் சொன்னீங்க?"

"நாப்பது பேரு இருக்குமுங்."

"வளைவு பதினொண்ணுங்குதே?"

"எனக்கென்னங் தெரியும்? இருக்கறவங்க காலப் பாக்கவே எனக்கு நேரம் செரியா இருக்குது. போனவங்க எங்க போனாங்கன்னு பின்னாடியே போய்ப் பாக்க முடியுங்களா? ஊசிக்குப் பயந்து ஓடியிருப்பாங்க."

டிசம்பர் கடைசி வாரத்தில் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. வருடக் கடைசி வரை மார்க் இறங்காமல் இருந்தால் தரணீஷ் நலமனைக்கு மாநில விருது. தரணீஷ் அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். இன்னும் மூன்று நாள் பாக்கி.

அந்த மூன்று நாளில் முதல் நாள் காலை பத்து மணிக்குச் சென்னியப்பன் வந்தார். தரணீஷைப் பெற்றவர். எழுபத்தொரு வயது. ஒரு காலத்தில் போர்வெல் ரிக் வண்டி வைத்து ஆந்திரா முழுக்கக் குழாய்க் கிணறு போட்ட ஆள். இப்போது ஏழு மைல் தள்ளித் தோட்டத்தில் இருக்கிறார். மகன் கிளினிக் பக்கம் அவர் வருவதே அபூர்வம்.

மார்கழிக் குளிர் இன்னும் விடவில்லை. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையில் துண்டு போட்டிருந்தார்கள். சென்னியப்பன் ஒருவருக்கு மட்டும் நெற்றியில் வேர்வை வழிந்தது. ஒரு செருப்பைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றாமல் சுவரில் கை வைத்து நின்றார். இடது கை தாடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் வசந்தாமணி எழுந்துவிட்டாள்.

"ஐயா, இந்த நாற்காலியில உக்காருங். என்னங் பண்ணுது?"

"ஒண்ணுமில்லீங்கம்மிணி. காத்தாலருந்து நெஞ்சுல ஆரோ கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குது. வாயுப் புடிப்பா இருக்கும்."

மாத்திரையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இத முழுங்காதீங், நல்லாக் கடிச்சு மெல்லுங்." மயில்சாமிக்குப் போன் போட்டாள். பிறகு உள்ளே போனாள். இந்த ஒரு ஆளுக்காவது அவர் எழுந்து வருவார் என்று நினைத்தாள். பெற்ற அப்பன் அல்லவா?

தரணீஷ் ஒரு கல்லூரிப் பெண்ணின் தொண்டையில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரே, உங்கப்பா வந்திருக்காருங். மாரடைப்பு. இப்ப நடந்துட்டு இருக்குது."

டார்ச் கீழே இறங்கியது. "எத்தனை நிச்சயமுங்க்கா?"

"என்னைக்குங் நான் தப்பாச் சொன்னேன்?"

அவர் முகம் வெளுத்துப்போனது. அதை அவள் மறுக்கவில்லை. பாசம் இல்லாத ஆள் இல்லை அவர். வேகமாகத்தான் வாசலுக்கு வந்தார். வளைவுக்கு உள்பக்கம் வந்ததும் கால் நின்றுவிட்டது. அப்பன் வெளியே நாற்காலியில், மகன் உள்ளே நிலைப்படியில். நடுவில் ஐந்தடி.

"என்னங்கப்பா?"

"நெஞ்சு கொஞ்சம் அடைக்குது கண்ணு."

தரணீஷ் நிமிர்ந்து தலைக்கு மேலே இருந்த வளைவை ஒரு தரம் பார்த்தார். ஒரே ஒரு தரம். வசந்தாமணி அதைப் பார்த்தாள். வரிசையில் நின்ற இருபது பேரும் பார்த்தார்கள்.

"இங்க வசதி பத்தாதுங்கப்பா. கோயமுத்தூருக்குப் போயிருங்க. நான் போன் பண்ணிச் சொல்லி வெக்கிறேன்."

"செரி கண்ணு. நீ வேலையப் பாரு" என்றார் சென்னியப்பன்.

வசந்தாமணிக்கு உச்சந்தலை கொதித்தது. "அஞ்சடிதானுங் டாக்டரே. வெளிய வந்து உங்கப்பன் கையப் புடிச்சுப் பாருங். உள்ள இருந்து வெளிய வர்றவங்கள வளைவு ஒண்ணும் கேக்காது."

"வெளிய வெச்சு எப்படீங்க்கா பாக்கறது? மிசினெல்லாம் உள்ள இருக்குதுங்களே!"

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. இந்த ஆள் மார்க்குக்காக மட்டும் உள்ளே நிற்கவில்லை. வெளியே வந்தால் என்ன செய்வது என்றே இவருக்குத் தெரியாது. ஆறு வருடத்தில் எல்லாம் மறந்துபோய்விட்டது. அந்த வெறும் கையைத் தன் அப்பனிடம் காட்டப் பயந்து நிற்கிறார். அதற்கு மேல் பேசுவதற்கு அங்கே ஆள் இல்லை.

மயில்சாமியின் கார் வந்தது. வரிசையில் இருந்த இரண்டு பேர் சென்னியப்பனைத் தாங்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். வசந்தாமணி பெரியாஸ்பத்திரி இதயப் பிரிவுக்குத் தானே போன் செய்து, என்ன, எப்போது ஆரம்பித்தது, என்ன மாத்திரை கொடுத்தது எல்லாம் சொன்னாள். பிறகு உட்கார்ந்து அடுத்த ஆளைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, கண் போனில் இருந்தது. குண்டடம் தாண்டியாச்சு என்றான் மயில்சாமி. அப்புறம் அரைமணி நேரம் சத்தமே இல்லை. பழனாத்தாளின் நீல உதடு ஞாபகம் வந்து வந்து போனது. போன் அடித்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

"பல்லடம் தாண்டியாச்சுங்க்கா. பேசிட்டுத்தான் வர்றாரு. என்னைய வெரசா ஓட்டச் சொல்றாரு."

இரண்டு குழாய்களில் அடைப்பு. அன்று மத்தியானமே திறந்துவிட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார்களாம்.

அப்புறம் நடந்ததுதான் அசிங்கம். ஜனவரி பிறந்தது, மார்க் இறங்கவில்லை, விருது வந்தது. விருதோடு வாரியத்தின் செய்தியும் வந்தது. 'தொடாமலே தந்தையின் மாரடைப்பைக் கண்டறிந்த மகன்.' வாசலில் நின்று ஒரே பார்வையில் நோயைக் கண்டுபிடித்து, ஒரு நொடிகூட வீணாக்காமல் சரியான இடத்துக்கு அனுப்பிய மருத்துவ மேதை. தரணீஷ் மறுக்கவில்லை. பேட்டி கொடுத்தார். "நோயாளியைப் பார்வையாலேயே படிக்கணும்ங்கிறது என் கொள்கை" என்றார். பாதி ராத்திரியில் அதைக் கைபேசியில் பார்த்த வசந்தாமணி போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தாள். எச்சில் இலைக்கு மாலை போட்டுக் கும்பிடுகிற காலம் இது என்று நினைத்துக்கொண்டாள்.

மாசி மாதம் கிளினிக்கில் பாராட்டு விழா வைத்தார்கள். நிவேதன் சென்னையிலிருந்து வந்திருந்தார். இந்த ஆறு வருடத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தார், சட்டையில் மட்டும் இன்னமும் சுருக்கம் இல்லை. உள்ளே சிவப்புக் கம்பளம், நாற்காலிகள், பொன்னாடை. குணமான தந்தை வளைவுக்குள் நடந்து வர, மகன் பொன்னாடை போர்த்த, அதைப் படம் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வெளியே வழக்கமான வரிசை வழக்கம்போல நின்றது. விழாவுக்காக யாரும் நோயைத் தள்ளிப்போடுவதில்லை.

சென்னியப்பன் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், வேட்டி சட்டை வெள்ளை வெளேர் என்று இருந்தது. செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே போகாமல், ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில், வசந்தாமணிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"செரியாப் போச்சுங்களா, பாருங்கம்மிணி" என்று காலை நீட்டினார்.

அவள் பார்த்தாள். தடம் இல்லை, வீக்கம் இல்லை, மூச்சு ஒழுங்காக இருந்தது. "நல்லா இருக்கறீங்" என்றாள்.

வளைவுக்கு உள்ளேயிருந்து தரணீஷ் கூப்பிட்டார். "அப்பா, உள்ள வாங்க. எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

"இருக்கட்டும் கண்ணு. இங்கயே காத்து நல்லா வருது."

தரணீஷ் ஒரு அடி முன்னால் வந்தார். அதற்கு மேல் வரவில்லை. கூடியிருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார். "அன்னைக்கு உங்கள உள்ள கூப்பிடலைன்னு எம்மேல கோவமுங்களாப்பா?"

சென்னியப்பன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "கோவமா? எதுக்குக் கண்ணு கோவம்? நான் உன்னையப் பாக்க வரலியே."

"பின்ன?"

"இந்த அம்மிணியப் பாக்கத்தான் வந்தேன்."

நிவேதன் கேமராக்காரரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். சென்னியப்பன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. வரவு செலவில்லாத விஷயத்தைப் பேசுவதுபோலச் சாவகாசமாகச் சொன்னார்.

"நெஞ்சு அடைக்குது. வாயுவா, வேற ஏதாவதான்னு தெரியல. தோட்டத்துல கேட்டா, கொளிஞ்சிப்பாளையத்து நர்சம்மாகிட்டப் போயிச் செருப்பக் கழட்டுங்க, சொல்லிப்போடும்னாங்க. அது உள்ள போகச் சொன்னா உடம்புல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். டாக்டருக்கு நேரமில்லைன்னு சொன்னா எந்த வேலை இருந்தாலும் போட்டுப்போட்டுக் கோயமுத்தூரு போகோணும். சுத்துப்பட்டு ஜனத்துக்கே தெரியுமே கண்ணு. உனக்குத் தெரியாதா?"

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். தரணீஷ் அப்பாவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். நாற்பது பேரில் பதினொரு பேர் மட்டும் ஏன் வளைவைத் தாண்டினார்கள் என்ற கணக்கு அவர் முகத்தில் மெல்ல மெல்லத் தீர்ந்தது.

வசந்தாமணிக்கும் அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் மூடக் கூட்டம் என்று நினைத்தவர்கள் அவளுக்கு முன்பே எல்லாம் புரிந்துகொண்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது வெறும் மார்க், வெளியே இருப்பதுதான் ஆஸ்பத்திரி என்று அவர்கள் பாட்டுக்குத் தீர்மானித்துவிட்டார்கள். லஞ்சம் என்று நினைத்தது நன்றியாம். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"நீங்க தொரத்தினதாலதான் நான் பொழைச்சேன் அம்மிணி" என்றார் சென்னியப்பன்.

"பொழைச்சவங்க வந்து சொல்றீங். போனவங்க வந்து சொல்ல மாட்டாங்களே ஐயா." ஸ்டாண்டைக் கையால் காட்டினாள். "பத்தடியில ஆக்சிசன வெச்சுக்கிட்டு ஒரு பொம்பளையப் பஸ் ஏத்திச் சாகக் குடுத்தவ நானு."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். நிவேதன் அவசரமாக வளைவைத் தாண்டி வெளியே வந்தார். அவருக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மேடம், இது ரொம்ப முக்கியமான விஷயம். நீங்க காலைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற முறையை நாங்க பதிவு பண்ணி, இந்த இடத்துலயே இன்னொரு வளைவு வெச்சிட்டா..."

"வெய்ங்" என்றாள் வசந்தாமணி. "வெச்சீங்கன்னா நாளைக்கு அதுக்கு முன்னாடி ரோட்டுல ஒரு நாற்காலி போட்டு என்னைய உக்கார வெப்பாரு எங்க டாக்டர். நீங்க ரோட்டுக்கு வந்தா நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். மெசினுதான் நாலு கூடும், ஒரு டாக்டரும் வர மாட்டாரு. தள்ளி நில்லுங் சார், வெளிச்சம் மறைக்குது."

நிவேதன் தள்ளி நின்றார். வரிசையில் அடுத்ததாக நின்ற ஆள் முன்னால் வந்தார். நாற்பது வயது இருக்கும், விசைத்தறிக்காரர், தலைமுடியில் பஞ்சுத்தூசி ஒட்டியிருந்தது. பயத்தில் முகம் சுண்டியிருந்தது. குனிந்தார், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு செருப்பையும் கழற்றினார், நிமிர்ந்தார். வசந்தாமணி காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மூச்சை எண்ணினாள். வளைவுக்குள் கையில் பொன்னாடையோடு டாக்டர் தரணீஷ் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள போங்" என்றாள்.

அந்த மனுசனுக்கு முகம் மலர்ந்தது. "நெம்பச் சந்தோசமுங் அக்கா" என்று இரண்டு கையையும் கூப்பினார். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.